ஆன் சலிவனின் கண்கள்

2009ஆம் ஆண்டின் நடுப்பகுதி. வவுனியாவில் ஒரு முகாம். தறப்பாள் கூடாரம் ஒன்றுக்குள் இரண்டு குடும்பங்களாகப் பதினொரு பேர் இருந்தோம். ஒரு நாள் காலை சித்தியின் மகள் எழும்பியதும் கண் திறக்க முடியவில்லை என்று கத்தத் தொடங்கினாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. மஞ்சள் பீளை காய்ந்து இரண்டு இமைகளையும் பசை வைத்ததுபோல ஒட்டியிருந்தது. எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு துவாய். வரிசையில் நின்று எடுத்த தண்ணீரில் அதன் நுனியை நனைத்து, சித்தி மெதுவாக இமைகளைத் துடைத்துத் திறந்துவிட்டார். பிறகு அதே துவாயால் கைக்குழந்தையின் முகத்தையும் துடைத்தார். மூன்றாம் நாள் கைக்குழந்தைக்குக் கண் சிவந்தது. ஐந்தாம் நாள் எனக்கு.

தாய்ப்பால் விட்டால் மாறிவிடும் என்றார் அம்மம்மா. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த பெண் ஒருவர் முன்னர் தாதியாக வேலை செய்தவர். அவர்தான் அதைத் தடுத்து, எங்களை மருத்துவ நிலையத்தின் வரிசைக்கு அனுப்பினார். அரை நாள் நின்றோம். ஒரு சிறிய களிம்புக் குழாய் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் மாறிவிட்டது. நாங்கள் அதை மறந்தும்விட்டோம். அந்த ஆண்டில் நினைவில் வைத்திருக்க வேறு எத்தனையோ இருந்தன.

பல ஆண்டுகளின் பின், போரில் பார்வையை இழந்தவர்கள் பற்றிய கட்டுரை ஒன்றுக்காக அலைந்துகொண்டிருந்தேன். அப்போது சந்தித்த ஒருவர் என்னிடம் ஒரு குறை சொன்னார். எல்லோரும் ஹெலன் கெல்லரைப் பற்றி எழுதுகிறீர்கள், அவருடைய ரீச்சரைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை என்றார். அந்த ரீச்சருக்கும் கண் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய வயது. ஆன் சலிவனுக்குக் கண்நோய் தொற்றியபோது வயது ஐந்து. எங்கள் கூடாரத்துச் சிறுமியின் அதே வயது.

ஆன் சலிவன் 1866 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். 1840களின் நடுப்பகுதியில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறினார்கள். அப்படிக் கடல் கடந்து வந்த ஏழை விவசாயிகளின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் சலிவன் குடும்பமும். புதிய நாட்டில் தந்தைக்குக் கூலி வேலை. கிடைத்ததைக் குடித்தே தீர்த்தார். தாய்க்குக் காசநோய். மூத்த பிள்ளை ஆன்.

ஐந்து வயதளவில் ஆனின் கண்கள் சிவந்து, வீங்கி, உறுத்தத் தொடங்கின. அது ட்ரக்கோமா என்ற நோய். இன்று அதன் காரணம் நமக்குத் தெரியும். கிளமிடியா ட்ரக்கோமாற்றிஸ் என்ற பக்டீரியாதான் அதை உண்டாக்குகிறது. நோயுள்ள பிள்ளையின் கண்ணிலும் மூக்கிலும் வடியும் நீரில் அது இருக்கும். கையால், துவாயால், தலையணையால், முகத்தில் வந்து குந்தும் ஈயால் அடுத்த பிள்ளைக்குப் போகும். நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் உள்ள இடங்கள்தான் அதன் ஊர்.

எங்கள் கூடாரத்தில் வந்த நோய் ட்ரக்கோமா அல்ல. அது சாதாரணக் கண்நோய். ஆனால் இரண்டும் பரவும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு அதன் பிறகு நடப்பதில் இருக்கிறது. சாதாரணக் கண்நோய் வந்து போய்விடும். ட்ரக்கோமா போகாது. போனாலும் திரும்பி வரும். அது மேல் இமையின் உட்பக்கத்தில் சிறு சிறு பருக்களை எழுப்பும். ஒவ்வொரு முறை தொற்றும்போதும் அந்த இடத்தில் தழும்பு விழும். ஆண்டுக்கணக்கில் தழும்பு இறுகி, இமையின் விளிம்பை உள்நோக்கி இழுக்கும். இமை மயிர்கள் கண்ணின் கருவிழியில் உரசத் தொடங்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மயிர் கண்ணைக் கீறும். கீறிய இடத்தில் வெண்மை படியும். பார்வை மங்கிக்கொண்டே போகும்.

ஆகவே ஆன் ஒரே நாளில் பார்வையை இழக்கவில்லை. மெதுவாக, மற்றவர்களின் கண் முன்னாலேயே இழந்தார். அந்தக் காலத்து வைத்தியர்களிடமும் சரியான மருந்து இருக்கவில்லை. ஆனால் சுத்தமான தண்ணீரும் தனித் துணியும் ஓய்வும் கிடைத்த பிள்ளைகளுக்கும், ஆன் வளர்ந்ததுபோன்ற வீடுகளின் பிள்ளைகளுக்கும் அந்த நோய் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை.

ஆனுக்கு எட்டு வயதாகும்போது தாய் காசநோயால் இறந்தார். பிள்ளைகளை வைத்துப் பார்க்கத் தந்தையால் முடியவில்லை. பின்னர் அவர் விட்டுவிட்டே போய்விட்டார். தங்கை மேரி நோயற்ற பிள்ளை என்பதால் உறவினர் ஏற்றுக்கொண்டார்கள். கண் தெரியாத ஆனையும் இடுப்பெலும்பில் காசநோய் கண்டு ஊன்றுகோலோடு நடந்த தம்பி ஜிம்மியையும் ஏற்க எவரும் இல்லை. 1876 பெப்ரவரியில் இருவரும் டியூக்ஸ்பரியில் இருந்த அரச அநாதரவாளர் விடுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆனுக்கு இன்னும் பத்து வயது நிரம்பவில்லை.

அங்கே முதியோர், மனநோயாளர், தொற்றுநோயாளர், கைவிடப்பட்ட கர்ப்பிணிகள், குழந்தைகள் எல்லோரும் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தார்கள். சகோதரர்களைப் பிரிக்கப் பார்த்தபோது ஆன் அழுது அடம்பிடித்ததால் ஜிம்மியையும் பெண்களின் மண்டபத்திலேயே விட்டார்கள். அவர்கள் படுத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பிணங்களை வைக்கும் அறை இருந்தது. பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடம் இல்லாததால் அந்த அறையில் விளையாடினார்கள். சில மாதங்களில் ஜிம்மி இறந்துபோனான். இரவில் விழித்த ஆன் கையை நீட்டித் தடவியபோது பக்கத்தில் தம்பியின் கட்டில் இருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குப் போய், தடவித் தடவி அவனுடைய உடலைக் கண்டுபிடித்தார்.

இந்த இடத்தை வாசித்தபோது நான் கணினியை மூடிவைத்துவிட்டேன். நம்மில் எத்தனையோ பேர் ஏதோ ஓர் இரவில், ஏதோ ஒரு பதுங்குகுழிக்கு வெளியே, இப்படிக் கைகளால் தேடியிருக்கிறோம். அதைப் பற்றி நான் இங்கே மேலும் எழுதப்போவதில்லை.

டியூக்ஸ்பரியில் இருந்த காலத்தில் ஆனின் கண்களில் பல முறை சத்திரசிகிச்சை செய்தார்கள். லோவல் நகரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வைத்தியசாலை ஒன்றுக்கும் அனுப்பினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அதற்குக் காரணம் இன்று விளங்குகிறது. கத்தியால் இமையைச் சீராக்கலாம். உள்ளே இருக்கும் கிருமியைக் கத்தியால் அழிக்க முடியாது. சிகிச்சை முடிந்து அதே விடுதிக்குத் திரும்பிப் போனால் அதே நெரிசல், அதே தொற்று. போக மறுத்து அழுதும் பயனில்லை. வேறு இடம் இல்லாததால் அங்கேதான் திருப்பி அனுப்பினார்கள்.

கண் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடங்கள் உண்டு என்று விடுதியில் யாரோ சொல்லி ஆன் கேள்விப்பட்டிருந்தார். 1880இல் மாநில அறக்கொடை நிலையங்களின் ஆய்வாளர் ஃபிராங்க் சான்போர்ன் தன் குழுவோடு விடுதியைப் பார்வையிட வந்தார். பெரியவர்கள் மண்டபம் மண்டபமாக நடந்தார்கள். ஆன் அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தார். யார் சான்போர்ன் என்று கண்ணால் அறிய முடியாது. அவர்கள் வெளியேறும் நேரத்தில் அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்து, தனக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று உரத்துச் சொன்னார். அவருக்காகப் பேச அம்மா இல்லை, அப்பா இல்லை, சங்கம் இல்லை. தானே பேசினார். அந்த ஆண்டு ஒக்டோபரில் பொஸ்டனில் இருந்த பேர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

பதினான்கு வயதில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாமல் அங்கே போனார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கோபக்காரி, ஆசிரியர்களோடு மோதினார், ஒன்றிரண்டு தடவை வெளியே அனுப்பும் நிலையும் வந்தது. ஆனால் படிப்பில் வேகமாக முன்னேறினார். பேர்கின்ஸில் இருந்தபோது பொஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் கண், காது வைத்தியசாலையில் செய்த சத்திரசிகிச்சைகள் முதல் தடவையாகப் பலன் தந்தன. அச்செழுத்தைக் கண்ணருகே வைத்து, கொஞ்ச நேரம் வாசிக்கும் அளவுக்குப் பார்வை திரும்பியது. 1886இல் வகுப்பின் முதல் மாணவியாகப் பட்டம் பெற்று, விழாவில் உரையாற்றினார்.

அதன் பின்னரான கதையைப் பள்ளிக்கூடக் காலத்திலேயே கேள்விப்பட்டிருப்போம். அலபாமாவின் டஸ்கம்பியாவில் ஹெலன் கெல்லர் என்ற சிறுமி. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த கடும் காய்ச்சல் ஒன்று அவளுடைய பார்வையையும் செவிப்புலனையும் ஒன்றாகப் பறித்தது. அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்பது பின்னாளைய மருத்துவர்களின் ஊகம். 1887 மார்ச் 3 அன்று இருபது வயது ஆன் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 5 அன்று தண்ணீர்க் குழாயடியில், ஒரு கையில் தண்ணீர் ஓட மறு கையில் அதன் பெயரை விரல்களால் எழுதினார். பொருட்களுக்குப் பெயர் உண்டு என்பது அந்தச் சிறுமிக்கு அன்று விளங்கியது. உள்ளங்கையில் எழுத்துக்கூட்டும் அந்த முறையை ஆன் எங்கே கற்றார்? பேர்கின்ஸில், லோரா பிரிட்ஜ்மன் என்ற மூதாட்டியிடம். அவரும் இரண்டு வயதில் செங்காய்ச்சலால் பார்வையையும் செவியையும் இழந்தவர். செங்காய்ச்சலும் பக்டீரியாவால் வருவதுதான்.

ஹெலன் 1900இல் ரட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். விரிவுரைகளை ஆன் பக்கத்தில் இருந்து கேட்டு ஹெலனின் கையில் எழுதினார். பிரெய்ல் எழுத்தில் இல்லாத பாடநூல்களை எல்லாம் ஆனே வாசித்து, கையில் எழுதிக் கொடுத்தார். நான்கு ஆண்டுகள், ஒரு நாளைக்குப் பல மணி நேரம். தழும்பு விழுந்த அந்தக் கண்களுக்கு ஓய்வு வேண்டும் என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். தான் மங்கலாகப் பார்ப்பதை ஹெலனிடம் ஆன் மறைத்தார். ஆனின் கண்ணுக்குப் பாரமாகிவிடக்கூடாது என்று, விளங்காத பகுதியையும் விளங்கியதாக ஹெலன் சொன்ன நாட்களும் உண்டு. 1904இல் ஹெலன் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். பக்கத்தில் இருந்து அதே பாடங்கள் அனைத்தையும் வாசித்த ஆனுக்குக் கல்லூரி ஒன்றும் கொடுக்கவில்லை.

ஹெலன் பின்னர் எடுத்த ஒரு முடிவை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1907இல், பெண்கள் வாசிக்கும் பிரபல சஞ்சிகை ஒன்றில், பிறந்த குழந்தைகளின் கண்நோய் பற்றி எழுதினார். தாயிடம் உள்ள மேகவெட்டை நோயின் பக்டீரியா, பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்குப் போகிறது. சில நாட்களில் இமைகள் வீங்கிச் சீழ் வடியும். கவனிக்காவிட்டால் கருவிழி துளைபட்டுப் பார்வையே போய்விடும். இதைத் தடுக்க ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேற்று மருத்துவர் கார்ல் கிரேடே 1880 அளவிலேயே வழி கண்டிருந்தார். பிறந்தவுடன் குழந்தையின் கண்களில் சில்வர் நைற்றேற்றுக் கரைசலில் ஒரு துளி. அவருடைய வைத்தியசாலையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அமெரிக்காவின் பல வீடுகளில் அந்த ஒரு துளி போடப்படவில்லை. காரணம் வெட்கம். மேகவெட்டை என்ற சொல்லை மரியாதையான பெண்கள் வாசிக்கும் தாளில் அச்சிடக்கூடாது என்ற வழக்கம். அந்த வழக்கத்தை ஹெலன் மீறினார். பல ஆண்டுகளாக, தடுக்கக்கூடிய ஒரு நோயால் கெட்ட கண்களைத் தன் அருகில் வைத்திருந்தவர் அவர்.

ஆனின் பிற்கால வாழ்க்கையில் துயரம் குறைவாக இருக்கவில்லை. 1905இல் எழுத்தாளர் ஜோன் மேசியைத் திருமணம் செய்தார். சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தார்கள். பணத் தேவைக்காக ஹெலனும் ஆனும் மேடைக் காட்சிகளில்கூடத் தோன்றினார்கள். கூசும் மேடை வெளிச்சம் அந்தக் கண்களை மேலும் வருத்தியது. 1929இல் வலி பொறுக்க முடியாமல் வலது கண்ணை அகற்றினார்கள். இறுதியில் மறு கண்ணின் பார்வையும் போனது. 1936 ஒக்டோபர் 20 அன்று நியூயோர்க்கின் ஃபொரஸ்ட் ஹில்ஸில் எழுபது வயதில் காலமானார். அவருடைய அஸ்தி வொஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1968இல் ஹெலனின் அஸ்தியும் அதன் அருகே வைக்கப்பட்டது.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1938இல், அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே பணிசெய்த மருத்துவர் பிரெட் லோ, சல்ஃபா மாத்திரைகள் ட்ரக்கோமாவைக் குணப்படுத்துவதாக அறிவித்தார். 1950களில் சீனாவில் தாங் ஃபெய்ஃபானின் குழு அந்தக் கிருமியைக் கோழி முட்டைக்குள் வளர்த்துப் பிரித்தெடுத்தது. இன்று அசித்ரோமைசின் மருந்தை ஒரே வேளை குடித்தால் போதும். அல்லது ரெட்ராசைக்கிளின் களிம்பை ஆறு வாரம் நாளுக்கு இரு முறை பூசவேண்டும். எழுபது வயது வரை ஒரு பெண்ணைத் துரத்திய நோய்க்கு இவ்வளவுதான் மருந்து. ஆனாலும் உலகில் சுமார் 19 இலட்சம் பேர் இன்றும் ட்ரக்கோமாவால் பார்வை இழந்தோ குறைந்தோ இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இமைச் சத்திரசிகிச்சை, மருந்து, முகம் கழுவுதல், தண்ணீரும் மலசலகூடமும் என்ற நான்கையும் சேர்த்தே அந்த நிறுவனம் தீர்வாகச் சொல்கிறது. மருந்து மட்டும் போதாது என்பதை டியூக்ஸ்பரி எப்போதோ காட்டிவிட்டது.

எங்கள் பகுதிகளில் ட்ரக்கோமாவைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. சாதாரணக் கண்நோய்தான் அடிக்கடி வருகிறது. வெள்ளக் காலத்தில் பாடசாலைகளில் மக்கள் தங்கும்போதும் வருகிறது. நீராக வடிந்தால் பெரும்பாலும் வைரஸ். அது தானாக மாறும். அன்ரிபயோரிக் அதற்கு உதவாது. இரண்டு கண்ணும் கடித்து அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். மஞ்சள் அல்லது பச்சைப் பீளை தடித்து, காலையில் இமை ஒட்டி, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தால் பக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வைத்தியர் குளோரம்பெனிக்கோல் போன்ற துளி மருந்தோ களிம்போ தருவார். சிவப்புக் குறைந்ததும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள் வரை போடவேண்டும். கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று, மூக்குப் பக்கத்தில் இருந்து வெளிநோக்கித் துடைக்கலாம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக்கூடாது. கண்ணில் உண்மையான வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, நெல் உமியோ பனையோலையோ கீறியபின் வந்த சிவப்பு, கண்ணுக்குள் அணியும் வில்லை பாவிப்பவருக்கு வந்த சிவப்பு ஆகியவை இருந்தால் அன்றே கண் வைத்தியரிடம் போகவேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால் அது அவசர நிலை. போரில் ஒரு கண்ணை இழந்து மறு கண்ணோடு வாழ்பவர்கள் எந்தச் சிவப்பையும் அலட்சியம் செய்யக்கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, அயல் வீட்டில் மிஞ்சிய துளி மருந்து எதையும் கண்ணில் விடவேண்டாம். ஸ்ரீரொய்ட் கலந்த துளிகளை வைத்தியர் சொல்லாமல் வாங்கிப் போட்டால், சில கிருமிகளுக்கு அதுவே வாய்ப்பாகிக் கருவிழி புண்ணாகிவிடும்.

அன்று கூடாரத்தில் கத்திய சிறுமி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரவிரவாகத் தொலைபேசித் திரையில் வாசிக்கிறாள் என்று சித்தி திட்டுவார். இந்தக் கட்டுரைக்காக அவளிடம் அந்தக் காலை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். சித்திக்கு மட்டும் நினைவிருந்தது. இன்றும் அவர்கள் வீட்டுக் கொடியில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துவாய் தொங்குகிறது. மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் நுனியிலும் சித்தி வேறு வேறு நிற நூலால் ஓர் அடையாளம் தைத்திருக்கிறார்.